மின்னழுத்தம் சரியும் கணத்தில் கடல் காற்றாலை என்ன செய்ய வேண்டும்?

பெங்களூரு அல்சூரில் ஏரிக்கரைக்குப் பின்தெருவில் உள்ள எங்கள் குடியிருப்பில், ஏப்ரல் மாதக் கோடைமழை வந்துவிட்டதை மழைச் சத்தத்துக்கு முன்பே இன்வெர்ட்டர்கள் அறிவித்துவிடும். எங்கோ ஒரு மின்னல் இறங்கும், அல்லது நகரின் வேறொரு மூலையில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை மின்கம்பியின் மேல் சாயும். வீட்டு விளக்குகள் கண்ணிமைக்கும் நேரம் மங்கி மீளும். உடனே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ‘டக்’கென்று ஓர் ஒலி எழும். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைக் கைவிட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும் ஒலி அது. அப்படியொரு மாலையில், மின்பொறியியல் இரண்டாமாண்டு படிக்கும் எதிர்வீட்டுப் பெண் என்னிடம் கேட்டாள்: “கரண்ட் போகவே இல்லையே அங்கிள், அப்புறம் ஏன் இன்வெர்ட்டர் ஓடுது?” நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: “மன்னார் வளைகுடாவுல காத்தாலை வைக்கப் போறாங்களாமே, அதுவும் இப்படித்தான் கழண்டுக்குமா?”

காற்றாலைகளை மின்கட்டமைப்போடு இணைப்பதற்கான கணக்குகளைப் போட்டுச் சம்பளம் வாங்குபவன் நான். எனவே இரண்டாவது கேள்விக்கான பதில் நீண்டுவிட்டது. அன்று நடைபாதையில் நின்று சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மின்கட்டமைப்பில் ‘பழுது’ என்றால், மின்சாரம் போகக் கூடாத வழியில் போகிறது என்று பொருள். மின்னலால் இன்சுலேட்டரின் மேல் தீப்பொறி பாய்ந்தாலும், ஈரக் கிளை உரசினாலும், கம்பியிலிருந்து தரைக்கோ ஒரு ஃபேஸிலிருந்து இன்னொரு ஃபேஸுக்கோ குறுக்குவழி ஒன்று உண்டாகிறது. அதைத்தான் ஷார்ட் சர்க்யூட் என்கிறோம். பழுது நேர்ந்த இடத்தில் மின்னழுத்தம் ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். அடுத்த துணைமின் நிலையத்தில் அது பாதியாகலாம். நூறு கிலோமீட்டர் தள்ளிச் சில சதவீதம் மட்டுமே குறையலாம். ஏரியின் மதகைத் திறந்தால் மதகடியில் நீர்மட்டம் சட்டென்று இறங்குவதையும் எதிர்க்கரையில் அது சற்றே தாழ்வதையும் நினைத்துக்கொண்டால் போதும். எங்கள் விளக்குகள் மங்கியதற்கும் இதுவே காரணம்: பழுது எங்கள் தெருவில் இல்லை, ஆனால் அது இழுத்த மின்னோட்டம் எங்கள் மின்னழுத்தத்தையும் சேர்த்தே கீழே இழுத்தது.

இந்தச் சரிவு நெடுநேரம் நீடிக்காது. பழுதான கம்பியை ‘ரிலே’ என்னும் பாதுகாப்புக் கருவி கண்டறிந்ததும் இரு முனைகளிலும் உள்ள சர்க்யூட் பிரேக்கர்கள் அதைத் துண்டித்துவிடும். இந்தியாவில் 765, 400 கிலோவோல்ட் கம்பிகளில் இந்த வேலை 100 மில்லி நொடிக்குள்ளும், 220 கிலோவோல்ட் கம்பிகளில் 160 மில்லி நொடிக்குள்ளும் முடிந்தாக வேண்டும் என்பது விதி. நம்முடைய மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. ஆகவே 100 மில்லி நொடி என்பது ஐந்தே ஐந்து அலை. இந்த ஐந்து அலைகளிலும், இன்னும் முக்கியமாக, அவற்றை அடுத்து வரும் ஒரு நொடியிலும் காற்றாலை எப்படி நடந்துகொள்கிறது என்பதே நம் பொருள்.

1991இல் டென்மார்க்கின் விண்டெபியில் உலகின் முதல் கடல் காற்றாலைத் தொகுதி அமைந்தபோது அதில் இருந்தவை 11 காற்றாலைகள். எல்லாம் சேர்ந்து சுமார் 5 மெகாவாட். இந்த அளவுள்ள ஒன்று கட்டமைப்பிலிருந்து கழன்றுகொண்டால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆகவே, மின்னழுத்தம் சரிந்தால் காற்றாலை உடனே விலகிக்கொள்ள வேண்டும் என்பதே அக்காலத்து வழக்கமாக இருந்தது. இயந்திரத்துக்கும் பாதுகாப்பு, கம்பியில் வேலை செய்பவர்களுக்கும் பாதுகாப்பு. காற்றாலைகள் ஆயிரக்கணக்கான மெகாவாட்டாகப் பெருகியபோது அந்த வழக்கமே ஆபத்தாக மாறியது. ஜூலை மாத இரவொன்றில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று வெளுத்துவாங்கும்போது, ஒரேயொரு மின்னலால் ஏற்பட்ட சரிவைக் கண்டு எல்லாக் காற்றாலைகளும் ஒருசேரக் கழன்றுகொண்டால், தென்னிந்திய மின்கட்டமைப்பை இயக்கும் பெங்களூரு ரேஸ் கோர்ஸ் பகுதி மின்சுமை அனுப்பீட்டு மையத்தில் இருப்பவர்களுக்குப் பழுது தீர்ந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கும். ஒரு கம்பியின் இழப்பு ஆயிரக்கணக்கான மெகாவாட் இழப்பாகிவிடும்.

அதனால் விதி தலைகீழாயிற்று. 2003இல் ஜெர்மனியின் மின்கட்டமைப்பு விதிகள், சரிவின்போது காற்றாலை இணைந்தே இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. பின்னர் பல நாடுகள் அவ்வழியில் சென்றன. இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம், 66 கிலோவோல்ட்டிலும் அதற்கு மேலும் இணையும் காற்றாலைத் தொகுதிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. மின்னழுத்தம் இயல்பான அளவில் 15 சதவீதத்துக்கு வீழ்ந்தாலும் 300 மில்லி நொடி வரை இணைப்பை விடக் கூடாது. அதன் பிறகு மின்னழுத்தம் படிப்படியாக ஏறி மூன்றாவது நொடியில் 85 சதவீதத்தை எட்டும் என்று கொண்டு, அந்த ஏறுகோட்டுக்கு மேலே இருக்கும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இப்படிச் சரிவைத் தாங்கி நிற்பதை எங்கள் அலுவலகப் பேச்சில் எல்.வி.ஆர்.டி. (லோ வோல்டேஜ் ரைடு த்ரூ) என்போம். பழுது 100 மில்லி நொடியில் தீர்ந்துவிடும் எனும்போது 300 மில்லி நொடி எதற்கு என்று அந்தப் பெண் கேட்டாள், நல்ல கேள்வி. திறக்க வேண்டிய பிரேக்கர் சில சமயம் சிக்கிக்கொள்ளும். அப்போது அதற்கு முந்தைய பிரேக்கர்கள் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாம் திறக்கும். அந்தப் பொறுமைக்கான நேரமும் இதில் அடக்கம்.

வீட்டு இன்வெர்ட்டர் பலவற்றின் பின்புறத்தில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் ‘யு.பி.எஸ்.’ நிலை: 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலே பேட்டரிக்கு மாறிவிடும். மறுபக்கம் தள்ளினால் ‘நார்மல்’ நிலை: 100 வோல்ட் அளவுக்கு இறங்கும்வரை வெளி மின்சாரத்தை விடாது. இந்த இரண்டாவது நிலையை ஏறக்குறைய ஓர் எல்.வி.ஆர்.டி. வரம்பு என்றே சொல்லலாம். ஆனால் இன்வெர்ட்டர் மின்சாரத்தை வாங்குவது. கழன்றுகொண்டால் அதற்கு ஒரு நட்டமும் இல்லை. காற்றாலை கொடுப்பது. கொடுப்பவர் வாசலில் நிற்க, வாங்குபவர் கதவை ஐந்து அலைகளுக்குச் சாத்திவிட்டால் கையில் இருப்பதை எங்கே வைப்பது? முதல் சிக்கல் அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மெகாவாட் காற்றாலை ஒன்று முழுத்திறனில் ஓடிக்கொண்டிருக்கிறது. திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. மின்னழுத்தம் 15 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மின்னோட்டத்தைக் கூட்டி ஈடுகட்டலாமென்றால், காற்றாலையின் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கன்வெர்ட்டரில் உள்ள குறைக்கடத்திச் சுவிட்சுகள் இயல்பைவிடப் பத்து இருபது சதவீதத்துக்கு மேல் தாங்காது. ஆக, வெளியே தள்ள முடிந்தது ஏறத்தாழ 1.5 மெகாவாட். வெளியே அடிக்கும் காற்றுக்கு இதெல்லாம் தெரியாது. அது 10 மெகாவாட்டைத் தந்துகொண்டே இருக்கிறது. இறக்கையின் கோணத்தைத் திருப்பிக் காற்றை நழுவவிடலாம்; ஆனால் நூறு மீட்டர் நீளமுள்ள இறக்கையைத் திருப்ப நொடிகள் ஆகும், நம்மிடம் இருப்பவை மில்லி நொடிகள். மிஞ்சும் 8.5 மெகாவாட்டை 150 மில்லி நொடிக்குப் பெருக்கினால் சுமார் 1.3 மெகாஜூல் வரும். மின்கட்டண மொழியில் சொன்னால் யூனிட்டில் மூன்றிலொரு பங்கு; இரண்டு கிலோவாட் கீசர் பத்து நிமிடம் ஓடும் அளவு.

இது பெரிய ஆற்றல் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் இன்றைய கடல் காற்றாலைகளில் பெரும்பாலானவற்றில், ஜெனரேட்டர் தரும் மின்சாரம் முழுவதும் முதலில் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, ஒரு கெபாசிட்டர் தொகுப்பைக் கடந்து, மீண்டும் மாறுமின்சாரமாக்கப்பட்டு வெளியேறுகிறது. மிச்சம் முழுவதும் அந்தக் கெபாசிட்டரில்தான் தேங்கும். வாளியளவு தொட்டியில் மடைநீரைத் திருப்பியதுபோல, அதன் மின்னழுத்தம் சில மில்லி நொடிகளிலேயே வரம்பைத் தாண்டிவிடும். அப்போது ‘சாப்பர்’ என்னும் மின்னணுச் சுவிட்ச் இயங்கி, மிகுதியான மின்சாரத்தைத் தடித்த மின்தடைச் சட்டங்களுக்குள் விட்டு வெப்பமாக எரித்துவிடுகிறது. கீசர் பத்து நிமிடத்தில் செய்வதை இது ஒரு நொடியின் ஏழில் ஒரு பங்கில் செய்கிறது. பிறகு ஆறுவதற்குச் சற்று அவகாசம் கேட்கிறது. அடுத்தடுத்துச் சரிவுகள் வந்தால் அந்த அவகாசம் கிடைக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வகை இரட்டைஊட்ட ஜெனரேட்டர்களில் கதை வேறு. அங்கே ரோட்டரில் பாயும் மிகை மின்னோட்டத்தைத் திசைதிருப்ப ‘க்ரோபார்’ என்று ஒன்று உண்டு. கடலில் அவை அருகிவருவதால் அதற்குள் போகவில்லை.

இதுவரை சொன்னது காற்றாலை தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றி. விதிகள் இதோடு விடுவதில்லை. சரிந்துகிடக்கும் மின்னழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கவும் உதவ வேண்டும் என்கின்றன. அதற்கான கருவி ரியாக்டிவ் பவர். தொடக்கநிலை மாணவர்களை இதைவிடக் குழப்பும் சொல் மின்பொறியியலில் இல்லை என்பது என் அனுபவம்.

கைத்தறியை நினைத்துக்கொள்ளுங்கள். நாடா இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாளின் முடிவில் அது எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால் அந்தப் போக்குவரத்து இல்லாமல் துணி ஓர் அங்குலமும் வளராது. துணியைப் போல முன்னேறி நுகர்வோரைச் சேருவது ஆக்டிவ் பவர், அதாவது நாம் காசு கொடுக்கும் மின்சாரம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், நீண்ட கம்பி ஆகியவற்றின் காந்தப்புலங்களை ஒவ்வொரு அலையிலும் நிரப்பி, திரும்ப வாங்கி, இங்குமங்கும் ஓடிக்கொண்டிருப்பது ரியாக்டிவ் பவர். இதில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: உயர் மின்னழுத்தக் கட்டமைப்பில் ரியாக்டிவ் பவர் குறைந்த இடத்தில் மின்னழுத்தம் தாழும், மிகுந்த இடத்தில் உயரும்.

ஆகவே சரிவு தொடங்கியதும் காற்றாலையின் கன்வெர்ட்டர், சில பத்து மில்லி நொடிகளுக்குள், ரியாக்டிவ் மின்னோட்டத்தைத் தள்ளத் தொடங்க வேண்டும். ஜெர்மானிய வழக்கில் மின்னழுத்தம் ஒரு சதவீதம் குறைந்தால் இரண்டு சதவீத ரியாக்டிவ் மின்னோட்டம் என்பது பழகிய அளவு. 30 சதவீதச் சரிவுக்கு 60 சதவீதம், பாதியாகச் சரிந்தால் முழுவதும். அறுபதை இதற்குக் கொடுத்துவிட்டால் ஆக்டிவ் பவருக்கு நாற்பதுதான் மிஞ்சும் என்று நினைக்க வேண்டாம், எண்பது மிஞ்சும். இவ்விரண்டு மின்னோட்டங்களும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போலச் சேர்பவை. 60, 80, 100 என்பது நாம் பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணமேதான். இந்திய விதிகளும் சரிவின்போது ரியாக்டிவ் பவருக்கே முதலிடம் தருகின்றன. மின்னழுத்தம் மீண்டபின் ஒரு நொடிக்குள் ஆக்டிவ் பவரைப் பழைய அளவில் 90 சதவீதத்துக்காவது கொண்டுவந்துவிட வேண்டும் என்றும் சொல்கின்றன.

இவை அனைத்தும் நிலத்துக் காற்றாலைக்கும் பொருந்தும். கடலுக்கென்று தனியாக என்ன இருக்கிறது? கேபிள் இருக்கிறது. நிலத்தில் மின்சாரம் கோபுரங்களுக்கிடையே திறந்தவெளிக் கம்பியில் போகும். கடலில் கனத்த உறையிட்ட கேபிளாகக் கடற்படுகையில் புதைந்து வரும். கேபிளின் உள்ளே செப்புக் கம்பி, அதைச் சுற்றிச் சில சென்டிமீட்டர் இன்சுலேஷன், அதைச் சுற்றி உலோக உறை. இரண்டு உலோகங்களுக்கு நடுவே ஒரு இன்சுலேஷன் என்றால் அது கெபாசிட்டர். பல கிலோமீட்டர் நீளமுள்ள கெபாசிட்டர். 220 கிலோவோல்ட் கேபிள் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தோராயமாக 2.5 முதல் 3 மெகாவார் (ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகு) ரியாக்டிவ் பவரைத் தானாகவே உண்டாக்கும். அதே மின்னழுத்தத்தில் ஓடும் திறந்தவெளிக் கம்பியோடு ஒப்பிட்டால் இது சுமார் இருபது மடங்கு. கரையிலிருந்து 40 கிலோமீட்டர் என்றால் நூறு மெகாவாருக்கு மேல், காற்றே அடிக்காத நாளிலும். அப்படிப்பட்ட நாளில் கேபிளின் கடல்முனையில் மின்னழுத்தம் கரைமுனையைவிட அதிகமாக இருக்கும். 1890 வாக்கில் லண்டன் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்திலிருந்து 10 கிலோவோல்ட் கேபிள் போட்ட ஃபெராண்டியின் பெயராலேயே இதை ஃபெராண்டி விளைவு என்கிறோம். இந்த மிகையை விழுங்குவதற்காகக் கேபிளின் முனைகளில் ஷண்ட் ரியாக்டர் எனப்படும் பெரிய கம்பிச்சுருள்களை வைப்பார்கள். கேபிள் மிக நீளமென்றால் நடுக்கடலிலேயே அதற்கென ஒரு மேடை கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது பழுதையும் கேபிளையும் சேர்த்துப் பாருங்கள். கெபாசிட்டர் தரும் ரியாக்டிவ் பவர் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்: மின்னழுத்தம் பாதியானால் அது தருவது கால்வாசி. உதவி தேவைப்படும் நேரத்தில் கேபிள் கையை விரித்துவிடுகிறது. பிரேக்கர் திறந்து மின்னழுத்தம் எழுந்ததுமோ, கேபிளின் நூறு மெகாவாரும் ஒரே கணத்தில் திரும்பி வருகிறது. சரிவைத் தூக்கிப்பிடிக்கக் கன்வெர்ட்டர்கள் தள்ளிக்கொண்டிருந்த ரியாக்டிவ் மின்னோட்டம் அந்தக் கணத்தில் இன்னும் முழுதாக அடங்கியிருக்காது. இரண்டும் சேர்ந்து மின்னழுத்தத்தை இயல்புக்கு மேலே எறிந்துவிடும். சரிவைத் தாங்கி நின்ற காற்றாலை, மிகையைக் கண்டு கழன்றுகொள்வது இங்கேதான் நடக்கிறது. அதனால்தான் 2019இல் இந்திய விதிகளில் உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் வரம்புகளும் சேர்ந்தன: 1.2 முதல் 1.3 மடங்கு வரை 200 மில்லி நொடி, 1.1 முதல் 1.2 மடங்கு வரை 2 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். புதிதாகப் படிக்க வருபவர்கள் சரிவு வரைபடத்தையே உற்றுப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் தலைவலி எப்போதும் அந்த வரைபடத்தின் வலப்பக்கத்தில், மின்னழுத்தம் மேலே வரும் இடத்தில்தான் இருந்திருக்கிறது.

அந்தத் தலைவலியின் அளவு, காற்றாலை சேரும் கரைமுனையில் கட்டமைப்பு எவ்வளவு வலுவானது என்பதைப் பொறுத்தது. அங்கே ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் எவ்வளவு திறன் பாயும் என்பதைக் காற்றாலைத் தொகுதியின் திறனால் வகுத்தால் வருவதை ஷார்ட் சர்க்யூட் விகிதம் என்பார்கள். 3000 எம்.வி.ஏ. (மெகாவோல்ட் ஆம்பியர்) பாயக்கூடிய இடத்தில் 1000 மெகாவாட் இணைந்தால் விகிதம் 3. அதற்குக் கீழே போனால் வலுவற்ற கட்டமைப்பு என்று கணக்கிடுவது வழக்கம். பெரிய அனல், நீர், அணுமின் ஜெனரேட்டர்கள் பழுதின்போது இயல்பைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தைத் தருபவை. ஆகவே அவை அருகிலிருந்தால் வலு கூடும். காற்று வளம் மிகுந்த கடற்கரைகளோ பெரும்பாலும் ஊர்களுக்கும் மின்நிலையங்களுக்கும் தொலைவில்தான் இருக்கின்றன.

வலுவற்ற கட்டமைப்பில் என்ன ஆகும்? கன்வெர்ட்டர் தானாக அலையை உருவாக்குவதில்லை. கட்டமைப்பின் மின்னழுத்த அலையை அளந்து, அதன் தாளத்தைப் பிடித்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மார்கழி பஜனையில் ஜால்ரா தட்டுபவர் பாடுபவரைக் கேட்டுத் தட்ட வேண்டும். ஒலிபெருக்கியில் அவருடைய ஜால்ராவே பாடுபவரைவிட ஓங்கி ஒலித்து, சற்றுத் தாமதமாக எதிரொலித்து, அவர் அதைக் கேட்டுத் தாளம் பிடிக்க முயன்றால் எல்லாம் ஆட்டம் காணும். வலுவற்ற கட்டமைப்பில் கன்வெர்ட்டர் அளக்கும் மின்னழுத்தத்தில் பெரும்பங்கு அது தள்ளிய மின்னோட்டத்தின் விளைவே. அளந்து திருத்துகிறது; திருத்தம் அளவை மாற்றுகிறது; மாறிய அளவைக் கண்டு மறுபடியும் திருத்துகிறது. திருத்தும் வேகம் கொஞ்சம் அதிகமாகிவிட்டால் மின்னழுத்தம் ஊஞ்சலாடத் தொடங்கும்.

இது ஏட்டளவில் உள்ள அச்சமன்று. 2019 ஆகஸ்ட் 9ஆம் தேதி மாலை ஐந்து மணி ஆவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது, இங்கிலாந்தில் லண்டனுக்கு வடக்கே ஒரு 400 கிலோவோல்ட் கம்பியில் மின்னல் விழுந்தது. பாதுகாப்புக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்து 0.1 நொடிக்குள் பழுதைத் துண்டித்தன. அங்கிருந்து வெகுதொலைவில், யார்க்‌ஷயர் கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் கடலுக்குள் இருந்த ஹார்ன்சீ ஒன்று காற்றாலைத் தொகுதிக்கு அந்தச் சரிவு சிறியதாகவே வந்து சேர்ந்தது, தாங்கக்கூடிய அளவுதான். ஆனால் அதற்கு எதிர்வினையாகத் தொகுதியின் மின்னழுத்தக் கட்டுப்பாடு செய்த திருத்தம் அடங்கவில்லை. அன்று கடல்பக்கத்துக் கட்டமைப்பு வலுக்குறைந்த நிலையில் இருந்தது. ரியாக்டிவ் பவரும் மின்னழுத்தமும் மேலும் கீழுமாக ஆடின. ஆட்டம் பெருகி, காற்றாலைகளின் மிகை மின்னோட்டப் பாதுகாப்பு அவற்றைக் கழற்றிவிட்டது. 799 மெகாவாட் தந்துகொண்டிருந்த தொகுதி நொடிப்பொழுதில் 62 மெகாவாட்டுக்கு இறங்கியது. ஏறக்குறைய அதே கணத்தில் ஓர் எரிவாயு மின்நிலையமும் நின்றது, அலைவெண் 48.8 ஹெர்ட்ஸுக்குத் தாழ்ந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நுகர்வோருக்கு மின்சாரம் தானாகவே துண்டிக்கப்பட்டது. ரயில்கள் நடுவழியில் நின்றன. பிறகு பதிவுகளைப் புரட்டியபோது, நிகழ்வுக்குச் சுமார் பத்து நிமிடம் முன்னர் வந்த இரண்டு சதவீத மின்னழுத்த மாற்றத்திலேயே அந்த ஆட்டத்தின் சிறு சாயல் இருந்தது தெரிந்தது. அது அப்போது தானாக அடங்கியிருந்தது. திருத்தம் மென்பொருளில் செய்யப்பட்டது, அதுவும் மறுநாளே. ஓர் இரும்புத் துண்டைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மென்பொருளில் ஒளிந்திருக்கும் வரம்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு, நிலத்தில் நடந்ததாயினும் இன்னொன்றையும் சொல்லலாம். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் கோபுரங்கள் சாய, இரண்டு நிமிடங்களுக்குள் மின்னழுத்தச் சரிவுகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு சரிவையும் காற்றாலைகள் தாங்கின. ஆனால் குறித்த நேரத்துக்குள் இத்தனை சரிவுக்கு மேல் தாங்க வேண்டாம் என்று பல தொகுதிகளில் ஓர் எண் முன்பே அமைக்கப்பட்டிருந்தது. கட்டமைப்பை நடத்தியவர்களுக்கு அது தெரியாது. அந்த எண் வந்ததும் 456 மெகாவாட் குறைந்தது, மாநிலமே இருண்டது. சாப்பருக்கு ஆற அவகாசம் வேண்டும் என்று முன்பு சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

மென்பொருள் மட்டும் போதாத இடங்களில் கரையிலோ கடல் மேடையிலோ கருவிகளைச் சேர்ப்பார்கள். சாதாரணக் கெபாசிட்டர், மின்னழுத்தம் பாதியானால் கால்வாசி உதவும் என்று பார்த்தோம். ஸ்டாட்காம் என்பது கன்வெர்ட்டரைப் போலவே மின்னணுச் சுவிட்சுகளால் ஆனது. மின்னழுத்தம் எவ்வளவு இருந்தாலும் முழு மின்னோட்டத்தைத் தரும், ஆகவே பாதி மின்னழுத்தத்தில் பாதி உதவும். தேவைப்பட்டால் நொடியில் திரும்பி ரியாக்டிவ் பவரை விழுங்கவும் செய்யும். சிங்க்ரனஸ் கண்டென்சர் என்பது பழைய தாத்தா: டர்பைன் இல்லாமல் சும்மா சுழலும் பெரிய ஜெனரேட்டர். பராமரிப்புச் செலவு உண்டு, சத்தம் உண்டு. ஆனால் பழுதின்போது உண்மையான ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத் தந்து விகிதத்தையே உயர்த்துவது அதுதான். எனக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

கரையிலிருந்து தொலைவு கூடக்கூட மாறுமின்சாரக் கேபிளின் பெரும்பங்கு தன்னுடைய ரியாக்டிவ் மின்னோட்டத்தைச் சுமக்கவே செலவாகிவிடும். நூறு கிலோமீட்டர் அளவில் நேர்மின்சாரத்துக்கு மாறுவது நல்லது என்பது பொதுவான கணக்கு. பெங்களூருவாசிகளுக்கு நேர்மின்சாரம் புதிதில்லை: ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து 1300 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வரும் 500 கிலோவோல்ட் நேர்மின்சாரக் கம்பி நமக்குப் பக்கத்திலுள்ள கோலாரில்தான் முடிகிறது. ஆனால் அது பழைய தைரிஸ்டர் வகை. மறுமுனையில் வலுவான கட்டமைப்பு இல்லாமல் அதனால் இயங்க முடியாது. கடலுக்கு ஏற்றது, 2021இல் புகளூருக்கும் திருச்சூருக்கும் இடையே வந்த 320 கிலோவோல்ட் இணைப்பின் வகை. தானே மின்னழுத்த அலையை உருவாக்க வல்லது.

இந்த அமைப்பில் கரையில் நேரும் பழுது கடலில் உள்ள காற்றாலைகளுக்குத் தெரியவே தெரியாது. இடையில் இருக்கும் நேர்மின்சாரம் திரைபோட்டு மறைத்துவிடுகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் தெரியாததால் அவை முழுத்திறனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரைக் கன்வெர்ட்டரால் அதை வெளியேற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவே உள்ள நேர்மின்சாரக் கேபிளின் மின்னழுத்தம் எகிறும். அதே கீசர் கணக்குதான், காற்றாலை ஒன்றுக்கு அன்றி முழுத் தொகுதிக்கும் சேர்த்து: 900 மெகாவாட் ஒரு நொடிக்கு என்றால் 250 யூனிட், பெங்களூருவில் ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். ஆகவே கரை நிலையத்தில் ஒரு கூடம் முழுக்க மின்தடைச் சட்டங்களை அடுக்கிய பெரிய சாப்பரை வைக்கிறார்கள். காற்றாலைக்குள் அலமாரி அளவில் இருந்த சாப்பர் கரைக்கு வந்து கட்டடமாகிவிட்டது.

இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலைத் தொகுதியும் மின்சாரம் தரத் தொடங்கவில்லை. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை குஜராத் கடலில் 500, தமிழ்நாட்டுக் கடலில் 500 என 1000 மெகாவாட்டுக்காக 7453 கோடி ரூபாய் உதவித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு சிறப்பு உண்டு: கடல் காற்றாலை வந்து சேரப்போகும் தென்கோடியில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான நிலத்துக் காற்றாலைகள் இருக்கின்றன, அவற்றில் பல எல்.வி.ஆர்.டி. விதிக்கு முந்தையவை. ஒரே காற்றுப் பருவத்தில் எல்லாம் சேர்ந்து ஓடும். ஒரு பழுதில் பழையவை கழன்றுகொள்ள, மீளும் நொடியில் அவை விட்டுச்சென்ற வெற்றிடத்தின் நடுவே புதிய தொகுதி தன் தாளத்தைப் பிடித்து நிற்க வேண்டும். புதிய தொகுதியின் கன்வெர்ட்டரை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தால் இது தெரியாது. பழையவற்றையும் சேர்த்தே கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண் இவ்வளவையும் கேட்டுவிட்டு, போய்த் தன் வீட்டு இன்வெர்ட்டரின் பின்புறச் சுவிட்சை ‘நார்மல்’ பக்கம் தள்ளிவிட்டாள். கட்டமைப்போடு இணைந்தே இருக்கட்டுமாம். அடுத்த மழையில் விளக்குகள் மங்கின, இன்வெர்ட்டர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, அவளுடைய தம்பி எழுதிக்கொண்டிருந்த ப்ராஜெக்ட் சேமிக்கப்படாமலே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. சுவிட்ச் இப்போது மறுபடியும் ‘யு.பி.எஸ்.’ பக்கத்தில் இருக்கிறது.